முகத்தைத் தொட்டால் போதும்

"பீப் சத்தமே வரலையே! முகத்தைத் தொடுன்னா எங்கேயோ தொட்டுட்டு நிக்கிறே! உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

ஸ்டுடியோக்காரர் போட்ட சத்தத்தில் கேமராக் கடையே திரும்பிப் பார்த்தது.

கேமராவைப் பிடித்திருந்த அவருடைய மனைவிக்கு முகம் சுண்டிப்போனது.

விற்பனைப் பெண்ணுக்கு வயிறு எரிந்தது. வந்ததிலிருந்தே கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். உள்ளே நுழையும்போதே மனுஷன் மனைவியின் தோளில் கையைப் போட்டு, காவல்காரர் மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கால் வலி என்று சாக்கு வேறு. உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கேமராவை ஒரு தடவை வாங்கி நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். அதன் பிறகு அதிகாரம் மட்டும்.

"இது புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னே வந்த மாடல் சார்," என்றாள். "தொடுதிரை. யாரை எடுக்கணுமோ அவங்க முகத்தைத் திரையில தொட்டா போதும். அதுவே ஃபோகஸ் பண்ணும், அதுவே எடுத்துடும்."

"ஃபோகஸ் ஆனதும் பீப் வருதில்ல? அது எப்பவும் வரணும்."

"எல்லாரும் அதை நிறுத்தித் தரத்தான் சார் சொல்லுவாங்க. காதுக்கு எரிச்சலா இருக்குன்னு..."

"எனக்குக் கேட்கணும்."

"நீங்க பழகின கை. வியூஃபைண்டர்ல கண்ணை வச்சு நீங்களே ஒரு தடவை பாருங்களேன் சார். அக்கா பாவம், பயப்படுறாங்க."

"நான் பார்த்த வரைக்கும் போதும். இனிமே அவதான் எடுக்கணும்."

"அப்போ நீங்க?"

"காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன். ஏன், கூடாதா?"

கல்லாவில் இருந்தவர் விற்பனைப் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தார். 'கொடுத்து வச்ச மனுஷன்' என்று உதட்டை மட்டும் அசைத்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். அப்பா. அந்த வாய்க்குப் பயந்தே அம்மா பாதியாக இளைத்துப்போனாள்.

"எனக்கு வேண்டாங்க," என்றார் கேமராவோடு நின்ற அந்த அம்மா, மெல்ல. "கை நடுங்குது. நீங்களே எடுங்க."

"நடுங்கினா நடுங்கட்டும். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ வருது. அதையும் விட்டா ஸ்டுடியோவை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அப்புறம் எதை வச்சு உலை ஏத்துவே?"

"அதான் நீங்க இருக்கீங்க இல்ல..."

"நான் இருந்தா?" குரல் லேசாக உடைந்தது. உடனே அதட்டலாகிவிட்டது. "இருந்து என்ன பிரயோஜனம்? எடுடி!"

விற்பனைப் பெண் வேறு லென்ஸ் காட்டுகிற சாக்கில் அந்த அம்மாவின் பக்கம் குனிந்தாள். "ஏன்க்கா, நாலு பேர் முன்னாடி இப்படித் திட்டுறார். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கக் கூடாதா?"

"திட்டட்டும்மா. திட்டுற வரைக்கும் நல்லதுதான்."

என்ன பொம்பளையோ என்று அவளுக்கு அந்த அம்மாவின் மேலும் கோபம் வந்தது.

அந்த அம்மா கேமராவைத் தூக்கித் திரையை எங்கோ தொட்டார். சத்தம் வரவில்லை. மறுபடியும் தொட்டார். ம்ஹூம்.

"கண்ணைத் தொடு, கண்ணை! ஆளோட கண்ணு தெளிவா இருந்தாத்தான் அது படம். மத்ததெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்ல. எத்தனை தடவை சொல்றது?"

அந்த அம்மா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை தொட்டார். பீப். கிளிக்.

"கொடு இப்படி."

ஸ்டுடியோக்காரர் கேமராவை முகத்துக்கு நேரே பிடித்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ம்... கண்ணு தெளிவாத்தான் இருக்கு. இடது பக்கம் கொஞ்சம் வெளிச்சம் போதல. பரவாயில்ல, தேறிடுவே."

பாராட்டவாவது தெரிகிறதே என்று எட்டிப் பார்த்த விற்பனைப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

திரை அணைந்துபோயிருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அது தானாகவே அணைந்துகொள்ளும். கரியாகக் கிடந்த அந்தக் கண்ணாடியில்தான் அவர் இடது பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது..." என்று வாயைத் திறந்தவளின் மணிக்கட்டை அந்த அம்மா பிடித்தார். இரும்புப் பிடி. நடுக்கமே இல்லை.

கேமராவை வாங்கிக்கொண்டு அவளை ஓரமாக அழைத்துப்போனார். பொத்தானைத் தட்டிப் படத்தை வரவழைத்தார்.

ஸ்டுடியோக்காரரின் முகம். இமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலத் துல்லியமாக இருந்தது. தட்டுத்தடுமாறுகிற கை எடுக்கிற படமில்லை அது. கண்கள் மட்டும் கேமராவைப் பார்க்காமல், பக்கத்திலிருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"போன மழைக்காலத்துல பார்வை மங்க ஆரம்பிச்சது. இப்ப சுத்தமா இல்ல," என்றார் அந்த அம்மா, காதோடு காதாக. "எனக்கு இன்னும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கார். சொல்லிடாதேம்மா."

"அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசு?" என்று ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து அதட்டினார் ஸ்டுடியோக்காரர். "படம் எடுக்கத் துப்பில்ல, பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்ல!"

"ஒண்ணுமில்லீங்க." அந்த அம்மா கேமராவை மறுபடி தூக்கிப் பிடித்தார். "மறந்துபோச்சு. எங்கே தொடணும்னு இன்னொரு தடவை சொல்லிக் கொடுங்க."