அளந்து பாத்த செலவு

உக்காருங்கப்பா, எல்லாரும் உக்காருங்க. ஜன்னல் ஓரமா கிசுகிசுங்கறவங்க வாய்க்கு ஒரு பட்டனைத் தைச்சுக்குங்க. கதையே ஒரு தையக்காரரைப் பத்தித்தான்.

தையக்காரருக்கு ஒரு தம்பி, பஸ் கண்டக்டர். ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, நடுவுல பெரிய ஹால். இப்ப வீட்டை ரெண்டாப் பிரிச்சு ஹாலுக்கு நடுவுல சுவரு வைக்கப் போறாங்க.

"சரி பாதிண்ணே. அதுக்கு மேல ஒரு இஞ்ச் கூட எனக்கு வேணாம்"னு தம்பி ஆரம்பத்துலயே விசில் ஊதிட்டாரு.

அண்ணன் என்ன பண்ணாரு? தானே டேப்பைப் போட்டு வீடு பூரா அளந்தாரு. துணியில குறி போடற சாக்கட்டியால ஹால் தரையில நீளமா ஒரு கோடு கிழிச்சாரு. கோட்டை ஒட்டி, தம்பி பக்கத்துல, ரெண்டு கட்டம் வேற.

கண்டக்டர் பொண்டாட்டி, அதான் சின்னவ, இடுப்புல கை வச்சு நின்னா.

"இது என்ன மாமா கட்டம்? ஹாலைப் பாவாடைக்கு வெட்டப் போறீங்களா?"

தையக்காரர் வாயில எப்பவும் ரெண்டு குண்டூசி இருக்கும். "ம்ம்... அது... ம்ம்... சும்மா ஒரு குறி"ன்னு முனகினாரு.

அவ்வளவுதான். சின்னவ உள்ள போயி புருஷனைப் புடிச்சுக்கிட்டா.

"அந்தப் பக்கம் அடுப்படி, இந்தப் பக்கம் ரெண்டு ரூமு. சுவரு ஒண்ணு கூட நேரா இல்ல. இதுல பாதி எதுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியுமா? பங்கு வாங்கறவரே டேப்பையும் புடிச்சா, டேப்பு யாரு பக்கம் நீளும்? ஒரு சர்வேயரைக் கூப்பிடுங்க."

"அண்ணனைப் போயா..."

"தெரிஞ்ச மூஞ்சின்னு டிக்கெட் இல்லாம யாரையாச்சும் ஏத்துவீங்களா நீங்க?"

கண்டக்டர் சட்டையை மாட்டிக்கிட்டு சர்வேயரைத் தேடிக் கிளம்பிட்டாரு.

சர்வேயர் வந்தாரு. வீட்டைச் சுத்திப் பாத்தாரு. கூலி சொன்னாரு. சின்னவளுக்குக் கிறுகிறுன்னு வந்துச்சு.

"டேப்பு புடிக்கவா இவ்ளோ?"

சர்வேயர் பேச்சு, ஜுரம் பாக்கற டாக்டர் பேச்சு மாதிரி. மெதுவா, மூக்கால. "டேப்பு புடிக்கறதுக்கு இல்லம்மா. ஒவ்வொரு ரூமையும் மூலைக்கு மூலை அளக்கணும். சுவரு பருமன், கதவு, ஜன்னல், ஒண்ணு விடக்கூடாது. உங்க வீட்டுச் சுவரெல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் கோவிச்சுட்டுச் சாயுது, வேலை ஜாஸ்தி. அப்புறம் ஆபீசுல உக்காந்து வரையணும், பாதிக் கூலி அதுக்குத்தான். குத்துமதிப்பாப் போதும்னா கம்மியா முடிச்சுடலாம். ஆனா நாளைக்குச் சண்டைன்னு வந்தா குத்துமதிப்பு சாட்சி சொல்லாது."

தையக்காரர் குண்டூசியைத் துப்பிட்டு ஓடி வந்தாரு. "எதுக்கும்மா தண்டச் செலவு? இத்தனை வருசமா ஊர் இடுப்பையெல்லாம் அளக்கறேன், எனக்கு வீட்டை அளக்கத் தெரியாதா?"

அவரு பதறப் பதற, இவளுக்குச் சந்தேகம் ஏறிக்கிட்டே போச்சு. பொண்ணுங்க ரெண்டும் தரையில படுக்குதேன்னு கட்டில் வாங்கச் சேத்து வச்சிருந்த பணம் பீரோவுல இருந்துச்சு. அப்படியே எடுத்து சர்வேயர் கையில குடுத்துட்டா.

தையக்காரர் பொண்டாட்டி, பெரியவ, அடுப்படி வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தா. அந்த வீட்டு மிக்ஸி பேசினதுல பாதி கூட அவ பேசினதில்ல.

சர்வேயர் அளந்துட்டுப் போயி, அடுத்த வாரம் வரைபடத்தோட வந்தாரு. அளக்கற மிஷினை ஹால்ல வச்சு, சரி பாதி எங்கன்னு தரையில ஒரு சிவப்பு லைட்டுக் கோடு அடிச்சாரு.

சாக்கட்டிக் கோட்டு மேல அது விழல. ரெண்டடி தள்ளி விழுந்துச்சு.

"பாத்தீங்களா!" சின்னவ புருஷன் தோள்ல ஒண்ணு போட்டா. "ரெண்டடி! நான் அப்பவே சொல்லல?"

"தப்புதாம்மா," சர்வேயர் தொண்டையைச் செருமினாரு. "ஆனா என் கோடு உங்க பக்கம்ல உள்ள வந்திருக்கு. அவரு போட்ட கோட்டுல உங்களுக்குத்தான் ரெண்டடி கூட இருந்துச்சு."

சின்னவ கை புருஷன் தோள்லயே நின்னு போச்சு.

"என்னண்ணே இது?"ன்னாரு கண்டக்டர்.

"அது... தையக்காரன் கை பாரு. தையலுக்குக் கொஞ்சம் விட்டு அளந்திருப்பேன்."

"தையலுக்கு யாருங்க ரெண்டடி விடுவாங்க?"ன்னாரு சர்வேயர்.

தையக்காரர் தரையைப் பாத்தாரு. "வளர்ற புள்ளைங்களுக்குத் தாராளமா விட்டுத்தாங்க தைக்கணும்."

சின்னவ அப்பத்தான் குனிஞ்சு பாத்தா. அந்த ரெண்டு கட்டத்தையும் சிவப்புக் கோடு கால்மாட்டுல வெட்டிட்டுப் போகுது. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஆள் படுக்கற நீளம். பாவாடையா அது? ரெண்டு கட்டில்!

"மாமா..." அவ கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

கண்டக்டர் மட்டும் முறுக்கிக்கிட்டு நின்னாரு. "சரி பாதின்னா சரி பாதிதான். சிவப்புக் கோட்டுலயே சுவரு வரட்டும்."

அடுப்படி வாசல்ல இருந்து பெரியவ நடந்து வந்தா. சிவப்புக் கோட்டு மேலயே நின்னா. சின்னவ கண்ணை முந்தானையால துடைச்சு விட்டா.

"கட்டில் காசைத்தான் அளக்கறதுக்குக் குடுத்துட்ட. கட்டில் போடற எடத்தையும் சேத்தா குடுப்ப? அந்த லைட்டை அணைக்கச் சொல்லு."