பாவூர்சத்திரம் ரோட்டில் பதினேழு கைகள்

பதினேழாவது ஆளும் கையைக் காட்டிவிட்டார்.

மினி பஸ் டிரைவர். ஐந்து விரலையும் குவித்து விரித்தார். குவித்து விரித்தார்.

அவளும் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அசைத்தாள். வார்டு தேர்தலில் நிற்பவர்கள் அசைப்பார்களே, அப்படி.

பகல் பதினொரு மணி. பாவூர்சத்திரம் ரோடு. பின்னால் பதினாறு மூட்டை பல்லாரி வெங்காயம். கண் கூசுகிற வெயில்.

பிக்கப் வண்டி யார் யார் கையிலோ இருந்துவிட்டு அவள் கைக்கு வந்து ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளில் எங்கள் தெருவில் இந்தக் கைகளைப் பற்றிக் கேட்காத காது இல்லை. முதல் நாள் குழாயடியில் ஆறு என்றாள். மறுநாள் பதினொன்று. நேற்று அதில் ஒரு போலீஸ்காரரும் சேர்த்தி.

போலீஸ்காரருமா என்று கேட்டோம். அவர் இரண்டு தரம் காட்டினார் என்றாள்.

நாங்கள் சிரிக்கவில்லை. சிரிப்பை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சிரித்தோம்.

அவள் எண்ணுவதற்கும் காரணம் இருந்தது. வீட்டுக்காரர் பரமகுரு தையல்கடைக்காரர். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டிப் பழகாதவர். அவர் தெருவே கேட்கச் சொல்லியிருந்தார், பொம்பளை ஓட்டுகிற வண்டியை ரோட்டில் எவன் மதிப்பான் என்று. சனிக்கிழமை வரை பார்ப்பாராம். ஞாயிறு அவருடைய அக்கா மகன் இசக்கிதுரை வந்து சாவியை வாங்கிக்கொள்வானாம்.

ஆறு வாரம் பழகி, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள் அவள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பத்து வயது குறைந்தாற்போல இருக்கிறது என்று எங்களிடம் சொன்னவள்.

மதிக்க மாட்டார்களாமே.

பதினேழு. அப்போதே வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அத்தனை கைக்கும் பதில் சொல்ல ஹாரன் சத்தம் போதவில்லை என்று தோன்றியது. பெரிய ஹாரன் மாட்டக் காஜா மைதீனின் எலக்ட்ரிக் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

காஜா மைதீன் ஹாரனைப் பார்க்கவில்லை. வண்டியின் முகத்தைப் பார்த்தார். அந்த வெயிலில் இரண்டு விளக்கும் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன.

குனிந்து உள்ளே பார்த்தார்.

முன்கண்ணாடிக்கு அடியில் கறுப்பாகக் குமிழ் மாதிரி ஒன்று இருக்கும். சாமி உட்கார்வதற்கென்றே கம்பெனிக்காரன் செய்து வைத்த பீடம் என்று எடுத்துக்கொண்டாள் அவள். அதன்மேல் பிள்ளையாரைப் பசை போட்டு ஒட்டிவிட்டாள். வண்டி வந்த அன்றைக்கே. நல்ல நேரம் பார்த்து.

அந்தக் குமிழ்தான் வண்டிக்குக் கண். வெளியே இருட்டினால் விளக்கைத் தானே போடும், விடிந்தால் தானே அணைக்கும். பிள்ளையார் ஏறி உட்கார்ந்ததிலிருந்து அதற்கு எந்நேரமும் ராத்திரிதான்.

காஜா மைதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யக்கா, அவங்க ஒங்களுக்கு வணக்கம் வைக்கல. பட்டப்பகல்ல லைட்டு எரியுது, அணைங்கன்னு சைகை காட்டுதாங்க."

பிள்ளையாரை மெதுவாகப் பெயர்த்து ஒரு சாண் தள்ளி வைத்தார். விளக்குகள் அணைந்தன. வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமல் ரோட்டில் விழவேண்டும் என்று, வண்டியைக் கடைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, ஸ்க்ரூவைத் திருகி இறக்கியும் கொடுத்தார். தானாக எரிய ஒரு திருகு, நாமாகப் போட இன்னொரு திருகு என்று ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த குச்சியைத் திருகிக் காட்டினார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஹாரன் வேண்டாம் என்றாள்.

காஜா மைதீன் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி மும்தாஜிடம் மட்டும்தான் சொன்னார். ஐந்து மணிக்குள் எங்களுக்கு வந்துவிட்டது.

அன்று குழாயடியில் அவள் எண்ணிக்கை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எங்களுக்குப் பெரிய பாடு.

மறுநாள் வெள்ளிக்கிழமை எதிரே எத்தனையோ வண்டிகள் வந்தன. ஒரு கையும் அசையவில்லை.

சனிக்கிழமை காலை பரமகுரு தும்பைப்பூ வேட்டி கட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் எல்லாருக்கும் அந்நேரம் வாசலில் வேலை இருந்தது.

"அந்தப் பதினேழு பேரு மூஞ்சிய நானும் பாத்துருதேன்."

எங்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவள் சாவியைத் திருப்பினாள். கை சாவியிலிருந்து அந்தக் குச்சிக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

திருகினாள்.

சுள்ளென்ற வெயிலில் இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

மும்தாஜ் என் கையைக் கிள்ளினாள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

மீதி, மூட்டைகளோடு பின்னால் உட்கார்ந்து போன லோடுமேன் வந்து சொன்னது.

முதல் கை ரயில்வே கேட் பக்கத்தில். பரமகுரு திரும்பி அவளைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

இரண்டாவது, பால் வண்டிக்காரர். மூன்றாவது, கல் லாரி. நாலாவது கைக்கு அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஆறாவதற்குக் கண்ணாடி முன்னால் அவர் கையும் எழுந்தது.

"ஏட்டி, கொஞ்சம் மெதுவாத்தான் போயேன். ஆளுக கை காட்டுதது ஒனக்குத் தெரியலையா?"

அவள் கியரைக் குறைத்தாள்.

அடைக்கலப்பட்டணம் தாண்டும்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இசக்கிதுரை. நாளைக்கு எத்தனை மணி பஸ்ஸில் ஏறட்டும் என்று கேட்கத்தான் இருக்கும்.

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

மாமா எடுக்கவில்லை.

அவருக்குக் கை ஒழியவில்லை.