ஐரிஸ் விதையும் கட்டெறும்பும்

மலையூர் ஒன்றில், ஒரு வீட்டு ஜன்னலோரத் தொட்டியில் ஐரிஸ் என்ற பூச்செடியின் விதை ஒன்று கிடந்தது. குளிர் பட்டால்தான் முளைக்கும் என்று வீட்டுக்காரி தமயந்தி அதை ஈரத்துணியில் சுற்றி மாதக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, பிறகு மண்ணில் ஊன்றியிருந்தாள். பக்கத்துத் தொட்டியில் போட்ட வெந்தயம் முளைத்து, கீரையாகி, குழம்புக்கும் போயாயிற்று. ஐரிஸ் மட்டும் தலைகாட்டவில்லை.

அதே மண்ணுக்குள் குடியிருந்த கட்டெறும்பு, "இன்னும் என்னதான் செய்கிறாய்?" என்று விதையைக் கேட்டது.

"வேர் விட்டுவிட்டேன். மேலே வந்துகொண்டிருக்கிறேன்," என்றது விதை. "அந்தக் குளிரிலேயே நான் சாகவில்லை. இனிமேலா விடப்போகிறேன்?"

அப்போது வெளியே தமயந்தியின் குரல் கேட்டது. "இது சொத்தை விதை. கொட்டிவிட்டு மிளகாய் போடப்போகிறேன்."

"உனக்குக் கால் இருக்கிறது, ஓடிவிடு," என்றது விதை. "நான் முட்டிக்கொண்டே இருக்கிறேன்."

"நீ முட்டு. நான் கடிக்கிறேன்," என்று எறும்பு மேலே ஏறியது.

தொட்டியைத் தூக்கிய விரலை அது கடித்தது. தமயந்தி கையை உதறினாள். மண்ணில் விழுந்த எறும்பு எழுந்து, மறுபடியும் ஏறிக் கடித்தது. அவள் எரிச்சலுடன் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, எறும்பை நசுக்குவதற்காகக் குனிந்து தேடினாள்.

எறும்புக்குப் பக்கத்தில் மண் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஊசிமுனை அளவு பச்சை தெரிந்தது.

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, தமயந்தி தண்ணீர் எடுத்துவரப் போனாள். எறும்பு அங்கேயே நின்றது, மறுபடியும் கடிக்கத் தயாராக.