முதுகளவு

"இதோ நிக்கிறாளே உங்க பொண்ணு, இவ அளவுக்கு நாற்பது தைச்சுடுங்க மாஸ்டர்."

தையல்காரரின் கையிலிருந்த கத்திரிக்கோல் நழுவியது. சொன்னவர் ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கத்தின் கமாண்டர். முதுகில் எப்போதும் போல துப்பாக்கி. வாசலில் ஜீப். அதிலிருந்து பச்சை கேன்வாஸ் துணி கட்டுக் கட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

இயக்கத்துக்குத் தைப்பது அவருக்குப் புதிதல்ல. தோட்டா வைக்கிற அங்கி எத்தனையோ தைத்திருக்கிறார். ஆனால் அதெல்லாம் தடித்தடி ஆம்பளைகளுக்கு.

"இவளுக்கு எட்டு வயசுதாங்க..."

"தெரியும். முதுகுல மாட்டறது. தோள்ல மாட்ட ரெண்டு பட்டை வைங்க. நாலு கிலோ தாங்கணும். ஓடினாலும் கழண்டு விழக்கூடாது."

"எதுக்குன்னு..."

"கேட்காதீங்க. வெளியே மூச்சு விடாதீங்க."

"அளவையாவது ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க."

கமாண்டரின் முகம் சுருங்கியது. "எழுத்தெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

தையல்காரர் மகளின் முதுகைப் பார்த்தார். குழந்தை முதுகில் நாலு கிலோ எதற்கு? அதுவும் பெண் குழந்தை அளவில்!

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? ஊருக்கெல்லாம் தைச்சுத் தைச்சு உங்க வாயையும் தைச்சுக்கிட்டீங்களா?"

"துப்பாக்கி வச்சிருக்கிறவன்கிட்ட நீ போய்ச் சொல்லேன்."

அவள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அல்லாஹ்வே, இப்படியும் ஒரு காலமா!" என்று அழுதாள்.

தையல்காரர் தைத்தார். தைக்காமல் இருக்க தைரியமில்லை. ஆனால் பட்டைகளுக்கு மட்டும் இற்றுப்போன பழைய நூலைப் போட்டார். இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும். அவரால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கமாண்டர் தனியாக வந்தார். தைத்து அடுக்கியிருந்ததில் மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்தார்.

பட்டை கையோடு வந்தது.

"என்ன மாஸ்டர் இது?"

தையல்காரருக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "என்னைச் சுட்டாலும் சரி. குழந்தைங்க முதுகுல குண்டு கட்ட நான் தைச்சுத் தரமாட்டேன்."

கமாண்டர் ஒன்றும் புரியாமல் விழித்தார். புரிந்ததும், அங்கிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"குண்டா? புத்தகப் பை மாஸ்டர் இது!"

"புத்தகப் பையா? ஊர்ல பள்ளிக்கூடமே இல்லையே!"

"வரப் போகுது. எங்க கிடங்கு ஒண்ணு காலியாத்தான் கிடக்கு. வாத்தியாரம்மா ஒருத்தங்களும் வர ஒத்துக்கிட்டாங்க. கேன்வாஸ்தான் கிடைக்கலை. மேலிடத்துல சண்டைக்குன்னு கேட்டாத்தான் கொடுப்பாங்க. அதான் உங்ககிட்டயும் சொல்லலை."

"அதுக்கு என் பொண்ணு அளவு..."

"என் பொண்ணு இருந்திருந்தா இதே உயரம்தான் இருப்பா." கமாண்டர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன வருஷம் காய்ச்சல். மருந்து பாட்டில் என் கையிலதான் இருந்தது. எவ்வளவு கொடுக்கணும்னு அதுலயே எழுதியிருந்ததாம். என்னையும் சேர்த்து வீட்ல யாருக்கும் படிக்கத் தெரியலை. இத்தனை வருஷம் எதிரியோட சண்டை போட்டேன். அவளை எதிரி தொடவே இல்லை மாஸ்டர்."

தையல்காரர் பழைய நூற்கண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்டி நூலை எடுத்து மெஷினில் கோத்தார். முதல் பையின் பட்டையைத் திரும்பத் தைத்து, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மகளிடம் நீட்டினார்.

"நாற்பது போதுமா?" என்று கமாண்டரிடம் கேட்டார்.

"இன்னும் ஒண்ணு வேணும். பட்டை மட்டும் நீளமா."

"யாருக்கு?"

கமாண்டர் எழுந்தார். பதில் சொல்லக் கூச்சப்பட்டவராக மெல்லத் திரும்பி, தையல்காரருக்கு முதுகைக் காட்டி நின்றார்.

டேப்போடு அருகே போன தையல்காரர் தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க கமாண்டரே. முதுகுல இது இருந்தா அளவு எடுக்க முடியாது."

கமாண்டர் துப்பாக்கியைக் கழற்றி, கடை மூலையில் குடைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.