ரிசல்ட் வரட்டும்

"சிஸ்டர், ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொல்லுங்க. தியேட்டர்ல காத்துட்டிருக்காங்க."

"ரிசல்ட் வரட்டும் சார்."

படுக்கையில் இருந்தவர் உச்சுக்கொட்டினார். ஹீமோஃபீலியா நோயாளி. உள்ளுக்குள் ரத்தம் கசிந்து கசிந்தே வலது முழங்கால் தேய்ந்துபோய், இன்று மாற்று மூட்டு வைக்கப்போகிறார்கள். ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசி காலையிலேயே போட்டாகிவிட்டது. அது உடம்பில் போதுமான அளவு ஏறியிருக்கிறதா என்ற பரிசோதனை முடிவுதான் வரவில்லை.

"பிறந்ததிலேர்ந்து இந்த ரத்தத்தோட குடித்தனம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா? நல்லா ஏறியிருக்கும்."

"இருக்கலாம் சார். லேப்ல சொல்லட்டும்."

தன் குரலா இது என்று அவளுக்கே சந்தேகம். பதினெட்டு வருடமாக இந்த ரத்தநோய்ப் பிரிவில் நர்ஸ். எவ்வளவு சின்னக் குழந்தையாக இருந்தாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். டாக்டர்கள் எதிரே வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. தலைமைப் பொறுப்புக்கான பயிற்சிக்கு மூன்று முறை அவள் பேரை அனுப்பியும் ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவியவள். அப்படிப்பட்டவள் தலையில்தான், தான் ஆறு வார லீவு போட்டபோது, பிரிவின் பொறுப்பைக் கட்டிவிட்டார் தலைமை டாக்டர். இன்று முதல் நாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு சர்ஜன் வந்தார்.

"அரை மணி நேரமா தியேட்டர் சும்மா கிடக்கு. பேஷன்டே சரிங்கறார். யாரும்மா நிறுத்தினது?"

அவள் கதவுக்கும் படுக்கைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நான்தான் சார். ரிசல்ட் இல்லாம அனுப்ப மாட்டேன்."

"லேட்டானதுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

ஃபோன் அடித்தது. லேப். கேட்டுவிட்டு வைத்தாள்.

"தேவையானதுல பாதிகூட ஏறலை. இன்னொரு டோஸ் போடணும். மறுபடி டெஸ்ட். அதுக்கப்புறம்தான் தியேட்டர்."

அவளே மருந்தைக் கலந்து, நோயாளியின் கையைப் பிடித்து, நிதானமாக ஏற்றினாள். அவர் குழந்தைபோல் கையைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார்.

சர்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுக்கைப் பக்கம் குனிந்தார்.

"என்ன டாக்டர், உங்க பிரிவுல உங்க பேச்சே எடுபடலையே?"

"என்னை ஏன்யா கேக்கறே? சிஸ்டரைக் கேளு," என்று நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார் தலைமை டாக்டர். "நான் லீவு!"