இறந்தவர் பெயர்

சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு அனுப்பும் அலுவலகத்தில் போன் எடுப்பவள் தமயந்தி. இனி அவள் வேலையைப் பார்க்க, சர்வர் வைத்துச் சொந்தமாக மென்பொருள் எழுதுவதா, எல்லாவற்றையும் தானாக ஓட்டும் ரெடிமேட் கருவியை வாங்குவதா என்று முடிவு சொல்ல வந்திருந்தான் செங்குட்டுவன்.

"நீங்க செய்யறதை ஒண்ணுவிடாம சொல்லுங்க மேடம்."

"இறந்தவங்க பேரு கேப்பேன். நிறையப் பேர் அழுகையில தங்களோட பேரையே சொல்லிடுவாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு மறுபடி கேப்பேன்."

"எத்தனை செகண்ட்னு சொல்லுங்க, ரெடிமேடே சமாளிச்சுடும்."

அதற்குள் போன் அடித்தது. தமயந்தி பெயர் கேட்டாள். பிறகு ரிசீவரைக் காதில் வைத்தபடி பேசாமல் இருந்தாள். செங்குட்டுவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. அவள் இன்னும் காத்திருந்தாள்.