நாடி மட்டம்

நல்லூரில் ஒரு கடைத் தொலைபேசியில், சுவிஸிலிருந்து மூத்தவன் தயாபரனின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"அம்மா, தம்பி வந்து இறங்கினவுடனை பனியிலை சறுக்கப் பழக்கப்போறன். அவனுக்கு ஒரு பலகை வாங்கிறன். நிமித்தி வைச்சால் நாடிக்கு முட்டவேணும். நீளம் பிழைச்சால் வளைஞ்சு திரும்பேலாது. அவன் இப்ப எவ்வளவு உயரம்?"

மீனாம்பிகை பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த இளையவன் குகனைப் பார்த்தாள்.

"உன்னளவுக்கு வந்திட்டான், ராசா."

"அப்ப என்ரை அளவு காணும். நிறை?"

"மெலிஞ்சு போனான்."

"இஞ்சை வந்து சாப்பிடட்டும். எந்தக் காலை முன்னுக்கு வைப்பான்? அதைப் பாத்துத்தான் பலகையிலை சப்பாத்தைப் பூட்டிறது. சொல்லாமல் பின்னாலை நிண்டு ஒருக்காத் தள்ளிப் பாருங்கோ. விழாமல் எந்தக் காலை வைக்கிறானோ, அதுதான்."

அவள் தள்ளவில்லை.

"வலது கால்."

தயாபரன் சிரித்தான். "அவன் என்ன கலியாணப் பொம்பிளையே, வலது காலை எடுத்து வைச்சு வர? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ!"

"பாத்துத்தான் சொல்லுறன். வலதுதான்."

"சரி, இண்டைக்கே வாங்கிறன்."

அவள் தொலைபேசியை வைத்தாள்.

"அண்ணைக்கு இண்டைக்கும் சொல்லேல்லையோ?" என்று கேட்டான் குகன்.

அவள் சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோல்கள் இரண்டையும் எடுத்து நீட்டினாள். அவன் அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் வலது காலை எடுத்து வைத்தான்.

ஷெல் விட்டுவைத்தது அந்த ஒன்றைத்தான்.